பூட்டிய கூடத்து வரகு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குத் தண்ணீர் சேந்தப் போன பெண்கள்தான் ஆண்டியின் உடலை முதலில் பார்த்தார்கள். கருங்கல்காட்டுப் பொதுக்கிணற்றில் அந்த மாசி மாதம் முழங்காலளவுத் தண்ணீர்தான் இருந்தது, மற்றதெல்லாம் பாறை. படிக்கட்டிலிருந்து தலைகுப்புற விழுந்து அந்தப் பாறையில் கிடந்தார் ஆண்டி. முப்பது வருஷம் பனை ஏறியவர். அறுபதடி உயரத்தில் ஒரு நாளும் கால் வழுக்காத மனுஷன், நாலு கிணற்றுப்படி இறங்கத் தெரியாமல் செத்துக் கிடந்தார்.

ஊருக்கு அன்றைக்குக் கெட்ட சேதி அது ஒன்றோடு நிற்கவில்லை. ஏழு மணிக்குள் ஒன்பது வீடுகளில் ஆட்கள் தள்ளாட ஆரம்பித்துவிட்டார்கள். ஆண், பெண், குழந்தை என்ற வித்தியாசமே இல்லை. எழுந்து நின்றவர் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் சாய்ந்தார். கை நடுங்கிற்று, நாக்குக் குழறிற்று. பச்சமுத்து தன் பெண்டாட்டியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ எந்த ஊரு தாயி?" என்று மரியாதையாக விசாரித்தான்.

காலை ஒன்பது மணி. நாமகிரிப்பேட்டைப் பக்கமிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார் ஏட்டு மயில்சாமி. நாமக்கல் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. பெரிய மீசை, அதைவிடப் பெரிய பிடிவாதம். சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. கள்ளுக்கடைகள் மூடிய நாளிலிருந்து ஏட்டுக்கு ஊர் ஊராகப் போய் மோப்பம் பிடிப்பதே உத்தியோகமாகிவிட்டது. ஒன்பது வீடு தள்ளாடுகிறது, பழைய கள்ளிறக்கி ஒருவர் கிணற்றில் செத்துக் கிடக்கிறார் என்றால் வேறென்ன யோசிப்பார்? ஆண்டி திருட்டுத்தனமாகச் சாராயம் காய்ச்சியிருக்கிறார், ஒன்பது வீடும் குடித்திருக்கிறது. வழக்கு அரைமணியில் முடிந்துவிடும் என்றுதான் வந்தார்.

ஒன்பது வீட்டிலும் வாயை ஊதச் சொல்லி முகர்ந்து பார்த்தார். வெங்காய வாடை வந்தது, வெற்றிலை வாடை வந்தது, ஒரு வாயில் வேப்பங்குச்சி வாடை வந்தது. சாராய வாடை மட்டும் எந்த வாயிலும் இல்லை. பச்சமுத்து அவர் மீசையைத் தொட்டுப் பார்த்து, "மச்சான், எப்ப வந்தீங்க?" என்றான். நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடுவதைப் பார்த்ததும் ஏட்டு முகர்ந்து பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். அந்தக் குழந்தையா சாராயம் குடித்திருக்கும்?

"நேத்து ராத்திரி என்ன சாப்புட்டீங்க?" என்று பச்சமுத்துவின் பெண்டாட்டியைக் கேட்டார். அவள் கொஞ்சம் தெளிவாக இருந்தாள்.

"வரகுச் சோறுங்க."

"வரகு ஏது?"

"பிடிதானியக் கூடத்துல குடுத்ததுங்க."

ஒன்பது வீட்டிலும் அதே பதில் வந்தது.

பகல் பதினொரு மணி. பிடிதானியக் கூடம் என்பது ஊர் நடுவில் ஓடு வேய்ந்த ஒற்றை அறை. அதை நடத்தியவர் சென்னியம்மாள், புருஷனை இழந்தவர், ஓரளவு நிலமுள்ள குடும்பம். ஐப்பசி மழை பொய்த்து, கள்ளுக்கடையும் மூடி, கூலிக்காரக் குடும்பங்கள் அடுப்பு மூட்ட வழியில்லாமல் நின்றபோது அவர்தான் இதைத் தொடங்கினார். முடிந்தவர்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடித் தானியத்தை ஒரு பானையில் தனியே போட்டு வைப்பார்கள். வாரம் ஒரு முறை பானைகள் கூடத்துக்கு வரும். சனிக்கிழமை காலை இல்லாத வீடுகளுக்கு ஒரு வள்ளம் வீதம் அளந்து கொடுப்பார்கள். அளப்பது அத்தாயி, கூலி வேலை செய்யும் நடுவயதுப் பெண். அதற்குச் சம்பளம் கிடையாது. எல்லோருக்கும் போல அவளுக்கும் ஒரு வள்ளம், அதுவும் கடைசியில்.

"கூடத்துச் சாவி யாருகிட்ட?" என்றார் ஏட்டு.

"எங்கிட்டங்க," என்றாள் அத்தாயி.

"நேத்து அளந்த வரகு எது?"

சென்னியம்மாள் சொன்னார்: "நான் குடுத்ததுங்க. ரெண்டு வருசப் பழசு. மூட்டையாத் தெச்சுப் போட்டிருந்தேன். கடைசி ரெண்டு மூட்டையுந்தான் நேத்து அளந்தோம். ஒரு மணி மிச்சமில்லீங்க."

ஏட்டு நெற்றியைத் தேய்த்தார். குடியானவர் பிள்ளைக்கு அந்தத் தள்ளாட்டத்தைப் பார்த்ததுமே ஒரு சந்தேகம் உள்ளே நெளிந்துகொண்டுதான் இருந்தது. "இது கிறுக்கு வரகு மாதிரித் தெரியுதுங்களே. கதிர்ல மழை பட்ட புது வரகைத் தின்னா இப்படித்தான் ஆளைச் சுத்தும்."

"எனக்கு அது தெரியாதுங்களா?" சென்னியம்மாளுக்குக் கோபம் வந்தது. "புது வரகை எந்த ஊட்டுலயாச்சும் உலை வெப்பாங்களா? இது பழசுங்க. மழையே பாக்காத வரகு."

"கூடத்த விட்டு மூட்டை வெளிய போச்சா?"

"இல்லீங்க," என்றார் சென்னியம்மாள்.

"இல்லீங்க சாமி," என்றாள் அத்தாயி. "பூட்டுன கூடமுங்க."

"நேத்து எத்தனை ஊட்டுக்கு அளந்தே?"

"இருவத்து மூணுங்க. என்னோடது சேத்தா இருவத்து நாலு."

இருபத்து மூன்று வீடு வாங்கியிருக்கிறது, படுத்தது ஒன்பது. பதினாலு வீடு அதே வரகைத் தின்றுவிட்டுக் கல்லு மாதிரி நடமாடுகிறது. வரகு கெட்டதென்றால் இந்தப் பதினாலு பேர் ஏன் படுக்கவில்லை? வரகு நல்லதென்றால் அந்த ஒன்பது பேர் ஏன் படுத்தார்கள்? ஆண்டி கூடத்துப் பக்கமே வராதவர் என்று ஊரே சொல்கிறது. அவர் எப்படி விழுந்தார்? ஏட்டுக்குத் தலைக்குள் யாரோ ராட்டினம் சுற்றுவது போலிருந்தது. வரகு தின்னாமலே தனக்கும் கிறுக்குப் பிடித்துவிடும் என்று பயந்தார்.

"உனக்கு ஏன் ஒண்ணும் ஆகலே?" என்று அத்தாயியைப் பார்த்து வெடுக்கென்று கேட்டார்.

அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"உம் பங்கு வாங்கினியா?"

"வாங்கினேனுங்க."

"ஆக்கித் தின்னியா?"

அத்தாயி தலையைக் குனிந்துகொண்டாள். ஏட்டு நாலு தரம் கேட்டார். மிரட்டிக் கேட்டார், தணிந்தும் கேட்டார். அவள் வாயைத் திறக்கவில்லை.

வாசலில் கூடியிருந்தவர்களிடையே முணுமுணுப்புக் கிளம்பிற்று. ஊமத்தை விதை என்றான் ஒருவன். அளந்தவள் நல்லா இருக்கிறாள், வாங்கினவன் சாகிறான் என்றான் இன்னொருவன். சனிக்கிழமை அவள் கையால் வாங்கியவர்கள்தான் அத்தனை பேரும். அத்தாயியின் முகம் சாம்பலாகிப் போயிற்று. "கூடத்த இழுத்து மூடுங்கய்யா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தபோதுதான் சென்னியம்மாள் முதல் தடவையாகக் கண் கலங்கினார். அறுவடைக்கு வழியில்லாத வருஷம். கூடம் மூடினால் அந்த இருபத்து மூன்று வீட்டிலும் அடுப்பு எரியாது.

மத்தியானம் ஒன்றரை மணி. ஆண்டியின் குடிசை. ஒண்டிக்கட்டை, ஆகவே சாமான் அதிகமில்லை. ஒரு பாய், பனை ஏறும் கயிறு, இரண்டு சட்டி, ஒரு கலயம். சாராயம் காய்ச்சும் பானை கிடைக்கும் என்று கூரையைக்கூடக் கலைத்துப் பார்த்த ஏட்டுக்குக் கிடைத்தது ஒரு கைப்பிடி அரிசிதான். வரகரிசி. உமி ஒன்றுகூட இல்லாமல் குத்திப் புடைத்த அரிசி. சட்டியில் அதே சோறு கொஞ்சம் மிச்சமிருந்தது.

ஏட்டு குடிசையைச் சுற்றி ஒரு நடை வந்தார். பிறகு இன்னொரு நடை. உரல் இல்லை, உலக்கை இல்லை, முறமும் இல்லை. வரகு சும்மா உமி விடுகிற தானியமில்லை. தோள் கழலக் குத்த வேண்டும். உரலே இல்லாத ஆண்பிள்ளை வீட்டில் இவ்வளவு சுத்தமான வரகரிசி எப்படி வந்தது? யாரோ ஒரு பெண்பிள்ளை குத்திக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஏன் மறைக்கிறாள் என்பதுதான் தெரியவில்லை. தெரிந்தே விஷம் கொடுத்தாளா? தெரியாமல் கொடுத்தாளா? தெரியாமல் கொடுத்தவள் அதை ஏன் வாய்விட்டுச் சொல்லக்கூடாது?

மணி மூன்று. சென்னியப்பனின் களம். சென்னியப்பன், சென்னியம்மாளின் கொழுந்தனார். அண்ணியை 'நங்கையா' என்பது அவர் வழக்கம். ஊரிலேயே பெரிய பண்ணை. கூடத்துக்கு வண்டி, கயிறு, ஓடு என்று எது வேண்டுமானாலும் அவர்தான் கொடுப்பார். ஏட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு களத்தைக் கடந்தபோது சக்கரமெல்லாம் கரியானது. களத்து மூலையில் ஒரு வண்டி அகலத்துக்குக் கருகிக் கிடந்தது. ஓரத்தில் எரியாமல் தப்பிய வைக்கோல் தாள்கள் சில நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்துக் கொட்டகையில் நாலு எருதுகள் நறுக்கிய பனையோலையை வேண்டாவெறுப்பாக மென்றுகொண்டிருந்தன.

"வாங்க ஏட்டய்யா. மோர் குடிங்க," என்றார் சென்னியப்பன். "நங்கையாளுக்கு நான் அப்பவே சொன்னேனுங்க. சாவியக் கண்டவங்க கைல குடுக்காதீங்கன்னு. கேட்டாத்தானுங்களே? அத்தாயிய இன்னும் கூட்டிக்கிட்டுப் போகலீங்களா?"

"போகலாமுங்க. இந்த வருசம் வரகு போட்டீங்களா?"

"போட்டனுங்க. தை கடைசில மூணு நாளு மழை பேஞ்சுதுங்களே, கதிரெல்லாம் நனைஞ்சு போச்சு. ஒண்ணும் தேறலே. தாளு, கதிரு எல்லாத்தையும் மாட்டுக்குப் போட்டாச்சுங்க."

"களத்துல என்னங்க கரி?"

"குப்பை கூளமுங்க."

ஏட்டு மோரைக் குடித்தார். மோர் நன்றாக இருந்தது. ஏதோ ஒன்று நன்றாக இல்லை. என்னவென்று பிடிபடாமலே சைக்கிளைத் திருப்பினார். ஆறு மணிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார், அதற்குள் ஒரு ஆளைப் பிடித்துக் காட்டியாக வேண்டும். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவள் அத்தாயி ஒருத்திதான்.

மாலை நாலரை மணி. சென்னியம்மாள் வீட்டு வாசல். அத்தாயி சுவரோரம் குந்தியிருந்தாள். ஏட்டு கடைசியாக ஒரு முயற்சி செய்தார்.

"நேத்து யாரு யாரு எந்த வரிசைல வந்தாங்கன்னு ஞாபகமிருக்கா?"

இருந்தது. முதலில் வந்த சாலம்மாளிலிருந்து அவள் ஒப்பிக்கத் தொடங்கினாள். யார் என்ன பாத்திரம் கொண்டுவந்தார்கள் என்பதுகூடத் தப்பவில்லை. ஏட்டு விரல் மடக்கிக்கொண்டே வந்தார். முதல் பதினாலு பேரும் நல்லா இருக்கிற வீடு. பதினைந்தாவது பச்சமுத்து. அங்கிருந்து கடைசி வரை ஒன்பதும் படுத்த வீடு.

"ரெண்டாவது மூட்டைய எப்பப் பிரிச்சே?"

"பச்சமுத்து வந்தப்பங்க."

ஏட்டுக்கு மீசை துடித்தது. முதல் மூட்டை நல்ல வரகு, இரண்டாவது மூட்டை கிறுக்கு வரகு. ஆனால் இரண்டும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை, ஒரே அறையில் பூட்டியவை. பூட்டிய அறைக்குள் இருந்த பழைய வரகு எப்படிப் புது வரகாகும்? கிடைத்த நூல்நுனி மறுபடி கையை விட்டு நழுவிற்று.

அப்போது சென்னியம்மாள் வாசலில் காய்ந்த சோளத்தைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். "பொழுது சாயுதுங்க, பனி எறங்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"அது எதுக்குங்க காயுது?" என்றார் ஏட்டு, பேச்சுக்கு.

"வண்டு புடிக்காம இருக்கறதுக்குங்க. அளக்கறதுக்கு முன்னால எல்லாத் தானியத்துக்கும் வெயில் காட்டோணுமில்லீங்களா?"

ஏட்டு மெதுவாக எழுந்து நின்றார். "கூடத்துத் தானியத்துக்கும் காட்டுவீங்களா?"

"வாரா வாரம் வியாழக்கெழமைங்க. கொழுந்தனார் களத்துல."

"இந்த வாரம் வரகையும் காட்டினீங்களா?"

"ஆமாங்க. அவரே வண்டி அனுப்பி எல்லாத்தையும் ஒண்ணா எடுத்துக்கிட்டுப் போனாருங்க."

"ஏனுங்க, வெளியவே போகலைன்னு காலைல சொன்னீங்களே!"

சென்னியம்மாள் நிஜமாகவே விழித்தார். "வெளிய எங்கீங்க போச்சு? வெயிலுக்குத்தானுங்களே போச்சு?"

அத்தாயியும் அதே வியப்போடு பார்த்தாள். இருவரும் பொய் சொல்லவில்லை. சோறு வடிக்கக் கஞ்சியைக் கொட்டுவதை யாராவது வீட்டுச் சாமான் வெளியே போனதாகச் சொல்வார்களா? வெயில் காட்டுவதும் அவர்களுக்கு அந்த மாதிரிதான்.

"மத்தியானம் களத்துல காவல் யாரு?"

"நாங்க சோத்துக்கு வந்துருவோமுங்க. கொழுந்தனார் ஆளுங்க பாத்துக்குவாங்க. பொழுதோட அவரே மூட்டை கட்டித் தெச்சு அனுப்பிருவாரு."

"அம்மா, ஒரே ஒரு கேள்வி. வரகுல வண்டு உழுந்து என்னைக்காச்சும் பாத்திருக்கீங்களா?"

சோளம் அள்ளிய கை அப்படியே நின்றது. பத்து வருஷமானாலும் வரகை வண்டு தொடாது. அதற்கு எதற்கு வெயில்?

மாலை ஐந்தரை மணி. சென்னியப்பனை அழைத்துவர ஆள் போயிற்று. அவர் வந்தபோது வீட்டுக்குள் இலை போட்டிருந்தது. இலையில் ஆவி பறக்கும் சோறு. பச்சமுத்து வீட்டில் மிச்சமிருந்த அரிசியை வாங்கிவந்து சென்னியம்மாளே ஆக்கியது. வாசல் நிறைய ஊர் நின்றது.

"உக்காருங்க," என்றார் ஏட்டு. "உங்க நங்கையா ஆக்குனது. ரெண்டு வருசப் பழைய வரகு. ரெண்டு வாய் சாப்புடுங்க."

சென்னியப்பன் உட்கார்ந்தார். இலையைப் பார்த்தார். கை மடியிலேயே இருந்தது.

"பசிக்கலீங்க."

"ஒரு வாய் போதுமுங்க."

"எனக்கு வரகு ஒத்துக்காது."

"ஒத்துக்காதுதான். எருதுக்கே ஒத்துக்காதுன்னு தெரிஞ்சு தாளைக் கொளுத்துன ஆளாச்சுங்களே நீங்க!" ஏட்டின் குரல் உயர்ந்தது. "மேய்ச்சல் காஞ்சு, ஊரே பனையோலைய நறுக்கி மாட்டுக்குப் போடுது. இந்த வருசத்துல ஒரு வண்டித் தாளை எந்தக் குடியானவனாச்சும் எரிப்பானா? எங்கிட்ட மாட்டுக்குப் போட்டேன்னீங்க. மாட்டுக்குப் போட்டா எருது கிறுகிறுத்து உழுந்துரும்னு உங்களுக்குத் தெரியும். தாளை எரிச்சீங்க. தேறுன ஒரு மூட்டை வரகை மட்டும் எரிக்க மனசு வரலே. வியாழக்கெழமை மத்தியானம் களத்துல அதைக் கூடத்து மூட்டையோட மாத்திக் கட்டினீங்க. பழைய வரகு உங்க ஊட்டுக்குப் போச்சு."

"நங்கையா, நீங்க இதை நம்பறீங்களா?"

"சாப்புடுங்க கொழுந்தனாரே," என்றார் சென்னியம்மாள். "சாப்புட்டா நம்பலே."

சென்னியப்பன் இலையைத் தள்ளினார். மறைக்க இனி ஒன்றுமில்லை என்று ஆனதும் அவருக்குக் கோபம்தான் வந்தது, வெட்கம் வரவில்லை.

"எங்கிட்ட எட்டுப் பண்ணையாளு இருக்கானுங்க. இதைத் தின்னுட்டுப் படுத்துட்டா கமலை ஓட்டறது யாரு? மஞ்சக் காடு காஞ்சு போகாதா? கூடத்துல வாங்கறவங்களுக்கு வேலையா வெட்டியா? ஒரு நாளு படுத்துக் கெடந்தா என்ன நட்டம்? மோரக் குடிச்சா மறுநாளு எந்திரிச்சிருவாங்க. சாவாங்கன்னு நான் கண்டனா? அந்த ஆண்டி கூடத்துல வாங்கறவனே இல்லியே!"

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரலில் நிஜமான குழப்பம் இருந்தது. இன்ஸ்பெக்டரின் வண்டிச் சத்தம் கேட்டது. சென்னியப்பன் வீட்டு அறையில் சென்னியம்மாளின் தையல் பிரியாமலே ஒரு மூட்டைப் பழைய வரகு கிடைத்தது. ஆறரை மணிக்கு அவரை அழைத்துக்கொண்டு போனார்கள்.

கூட்டம் கலைந்தது. ஊமத்தை என்று சொன்னவன் அத்தாயியின் பக்கம் பார்க்காமல் நழுவினான். படுத்தவர்கள் மோர் குடித்துத் தெளிந்து வருவதாகச் சேதி வந்தது. பச்சமுத்து பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டானாம். ஏட்டு மீசையை முறுக்கிக்கொண்டு அத்தாயியிடம் வந்தார். காலையிலிருந்து முதல் தடவையாக அவருக்குத் தலை லேசாக இருந்தது.

"ஆண்டிக்கு நீதானே குத்திக் கொண்டுபோய்க் குடுத்தே? உம் பங்கை?"

"ஆமாங்க சாமி."

"காலைலயே சொல்லியிருந்தா உனக்கு இந்தப் பழி வந்திருக்குமா? ஏன் சொல்லலே?"

"கள்ளுக்கடைய மூடச் சொல்லிக் கையெழுத்து வாங்குனவங்க நம்ம கூடத்து அம்மாங்க. அதுல பொழப்பு போச்சுன்னு கோவம். அவங்க தானியத்தத் தொடமாட்டேன்னு ஆண்டியண்ணன் சத்தியம் பண்ணியிருந்தாருங்க. பட்டினியாவே கெடந்தாரு. பாக்க முடியாம அஞ்சாறு வாரமா எம் பங்கக் குத்திக் கொண்டுபோய்க் குடுத்தேன். எனக்குக் கூலிக்கு வந்த வரகுன்னு சொன்னேனுங்க. பிடிதானியம் வாங்கித் தின்னாருன்னு செத்த பொறகு ஊரு பேசக்கூடாதுன்னுதான் வாயத் தொறக்கலே."

"சரி, நீ என்ன பண்ணுவே? உனக்கென்ன தெரியும் அது கிறுக்கு வரகுன்னு?"

"அது இல்லீங்க." அத்தாயி அவரை நிமிர்ந்து பார்த்தாள். நாள் முழுக்க வராத அழுகை இப்போது வந்தது. "கூடத்து வரகுன்னு நெசத்தச் சொல்லியிருந்தா அவரு வாங்கியிருக்க மாட்டாருங்களே. பட்டினியாவே இருந்திருப்பாரு. ஆனா உசுரோட இருந்திருப்பாருங்களே சாமி?"

ஏட்டு மயில்சாமி தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவளுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தார். போலீஸ்காரர் அப்படி உட்கார்ந்து அந்த ஊர் பார்த்ததில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"வர்ற சனிக்கெழமை நான் அளந்தா யாராச்சும் வாங்குவாங்களா?"

"எனக்குத் தெரியலே, அத்தாயி," என்றார் ஏட்டு.